இடது காலுக்கு ஒரு வேலை

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து என் மாமியாரை அவர் வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, வாசலில் இருந்த பெரிய கண்ணாடிக் கதவு எங்களைக் கண்டதும் தானாக விலகிக்கொண்டது. சக்கர நாற்காலியில் இருந்தவர் வலது கையைத் தூக்கி, தள்ளிக்கொண்டிருந்த என்னை நிறுத்தினார். கதவு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"ஏனுங்க மாப்ள, நானே தள்ளித் தொறந்துக்க மாட்டனுங்களா? இதுக்கு என்ன அவசரமுங்க?"

லேசான பக்கவாதம். இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாக்கும் குழறியது. அந்தக் குழறிய நாக்கால் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் ஒரு கதவைத் திட்டியதுதான். எங்களுக்குப் பின்னால் ஒரு ஸ்ட்ரெச்சர் வந்து நின்றுவிட்டது. எனக்கு வியர்த்தது. எனக்கு வியர்ப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். டிக்கெட் வாங்கிய பிறகும் கண்டக்டர் திரும்பிப் பார்த்தால் வியர்க்கும். கதவு மறுபடி திறந்தபோது, அவர் எட்டி அந்தக் கண்ணாடியை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். தானே திறந்துவிட்ட திருப்தி முகத்தில் வந்தது.

"இப்பப் போலாமுங்க."

எனக்குப் பாதி பயம் அங்கேயே போய்விட்டது. ஆள் மாறவில்லை.

தானாக நடக்கும் எதையும் அவரால் சகிக்க முடியாது. திருப்பூரை ஒட்டிய நல்லூரில் அவருக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருந்தது. மாமனார் காலமான பிறகு அவர்தான் நடத்தினார். ஒருமுறை நான் மெனக்கெட்டுச் சொல்லி, தைத்து முடித்ததும் நூலைத் தானே அறுத்துக்கொள்ளும் மெஷின்கள் வாங்க வைத்தேன். டெய்லர்களுக்குக் கொண்டாட்டம். மாமியார் ஒன்றில் உட்கார்ந்து ஓர் ஓரம் தைத்தார். மெஷின் டக்கென்று அறுத்தது. கையில் கத்தரியோடு காத்திருந்தவர் மெஷினையும் கத்தரியையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சொல்லவே இல்லீங்களே," என்றார். அவர் உட்காரும் மெஷினில் மட்டும் அந்த வசதியை அன்றைக்கே அணைத்துவிட்டார்கள்.

வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் இருப்பார். பாதியில் நிறுத்தி, மூடியைத் திறந்து, கையை விட்டு ஒரு புரட்டு புரட்டுவார். "அது பாட்டுக்குச் சுத்துதுங்க. காலர்லதான் அழுக்குன்னு அதுக்கு ஆரு சொல்றது?"

"நம்மளைக் கேக்காம நமக்கு வேலை செஞ்சு குடுக்கறதைக் கண்டாலே எனக்குச் சந்தேகமுங்க மாப்ள" என்று அடிக்கடி சொல்வார். அவரைக் கேட்காமல் நான் இரண்டு முறை காய்கறி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கத்தரிக்காய்கள் நினைவுக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் மாப்பிள்ளை எதிரில் மாமியார் உட்காருவதில்லை. பல வீடுகளில் இந்த வழக்கம் மறைந்துவிட்டது, இவர் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் நாற்காலியில், அவர் கதவோரம் நின்றபடி. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார். என்னை மடையன் என்று சொல்ல வேண்டி வந்தாலும் மரியாதை குறையாது: "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க மாப்ள, நீங்க காப்பி சாப்புடுங்க."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே இடம் கார். "கார்ல ஒக்கார்றது ஒக்கார்றதுல சேராதுங்க. அது வேலை," என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

சாதாரணக் கார் இல்லை. குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட்காரரிடமிருந்து மாமனார் ஆசைப்பட்டு வாங்கிய பழைய அமெரிக்கக் கார். இரண்டே கதவு. மூக்கு மட்டும் ஒரு டெம்போ நீளம். எட்டு சிலிண்டர் இன்ஜினை முடுக்கினால் பக்கத்து வீட்டு அலமாரியில் பாத்திரம் பேசும். ஸ்டீரிங் இடது பக்கம். அதாவது வலது பக்கம், எதிரே வரும் பஸ்ஸுக்கு நேராக, கையில் ஒன்றும் இல்லாமல் நான் உட்கார்ந்திருப்பேன். எதிர்வண்டிக்காரர்கள் என்னைத்தான் டிரைவர் என்று நினைத்துத் திட்டுவார்கள். நானும் டிரைவர் மாதிரியே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவேன். அந்தப் பக்கத்துத் தரைவிரிப்பு தேய்ந்திருப்பது என் உழைப்பு.

அது ஆட்டோமேட்டிக் கார். கிளட்ச் கிடையாது. மாமியார் டிராக்டரில் ஓட்டப் பழகியவர். இதை ஓட்டும்போது இடது காலை சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொள்வார், விருந்துக்கு வந்து சோறு கிடைக்காத ஆளைப் போல அது உட்கார்ந்திருக்கும். பக்கவாதம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அந்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஓய்ந்துவிட்டது. இன்ஜின் உறுமும், வண்டி நகராது. உறை போட்டு மூடி வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பெரிய சிக்கல் நான்தான். நான் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் எழுந்து நிற்பார். இடது கால் இழுக்க, சுவரைப் பிடித்து, கட்டிலைப் பிடித்து எழுவார். "ஒக்காருங்க அத்தை, கும்புட்டுக் கேக்கறேன்" என்றாலும் கேட்கமாட்டார். அதனால் நான் உள்ளே போவதையே விட்டுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே தலையைக் குனிந்து ஒளிந்துகொண்டு, உள்ளிருக்கும் மனைவியிடம் சைகையில் உடம்பு எப்படி என்று கேட்பேன். தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

இதையெல்லாம் பார்த்து என் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். கம்பெனியை மூடிவிடலாம், அம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம். எங்கள் வீடு கோயம்புத்தூரில், அடுக்குமாடியில், லிப்ட் உள்ள மேல்தளம். கேட் தானாகத் திறக்கும். மாடிப்படி விளக்கு ஆளைக் கண்டால் தானாக எரியும். அவர் அங்கே வந்தால் ஒவ்வொரு விளக்கோடும் சண்டை நடக்கும். நான் வாழ்நாள் முழுக்க ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும், ஏழாவது மாடியில்.

"இனி எப்படிம்மா தனியா இருப்பே? கால் வரலீல்ல?" என்றாள் மனைவி.

"அது வருங்கண்ணு. தூங்குது."

"தூங்கறதை எப்படி எழுப்பறது?"

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் குனிந்தேன். "மாப்ள, வெளிய நிக்கறது தெரியுதுங்க. நீங்களும் கேளுங்க. அந்தக் கார்ல என்ற எடது காலுக்கு வேலையே இல்லீங்க. இத்தனை வருசமா வேலை இல்லீன்னுதான் அது படுத்துக்கிச்சு. காருக்குக் கிளட்ச்சு போடோணும்."

உலகத்தில் யாரும் செய்யாத யோசனை. இடது கால் வராதவர்கள் ஆட்டோமேட்டிக் தேடி அலைகிறார்கள். இவர் இருக்கிற ஆட்டோமேட்டிக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, மிதித்தே ஆக வேண்டிய பெடலை வைக்கச் சொல்கிறார்.

அம்மாவும் மகளும் அங்கேயே பந்தயம் பேசி முடித்தார்கள். கிளட்ச் வைத்த காரை அவர் அவிநாசிபாளையம் வரை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் கம்பெனியை மூடும் பேச்சு இல்லை. முடியாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். டாக்டர் சரியென்றால்தான் சாவியைத் தொடலாம் என்று நடுவில் நான் ஒரு நிபந்தனை சேர்த்தேன், டாக்டர் அப்படிச் சொல்லவே மாட்டார் என்ற நம்பிக்கையில்.

மெக்கானிக் பாய் நல்லூரிலேயே ஷெட் வைத்திருந்தார். பெரிய வண்டிகளைப் பிரித்து மேய்கிற ஆள், ஆனால் என்னைவிடப் பயந்தவர். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

"யக்கா, மெட்ராஸ்ல ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பாக்ஸ் இருக்குதாமா. சொன்னீங்கன்னா தூக்கிட்டு வந்தர்றேன். கிளட்ச்சுன்னா இன்ஜினுக்குப் பின்னால இருந்து அத்தனையும் மாத்தோணுங்க்கா. தரையில ஓட்டை போடோணும், நடுவுல தண்டை வெட்டிச் சின்னதாக்கோணும், லாரி பாக்ஸு ஒண்ணைக் கொண்டாந்து ஜோடி சேர்க்கோணும்..."

"சேர்த்துங்க பாய். ஆனா மொதல்ல சாம்பிள் காட்டுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். திருப்பூரில் சாம்பிள் இல்லாமல் எதுவும் நடக்காது. பட்டனுக்குச் சாம்பிள், லேபிளுக்குச் சாம்பிள், அதைப் பார்த்து ஒருவர் சரி சொன்ன பிறகுதான் மொத்த சரக்கு. அந்த மொத்த சரக்கைத்தான் பல்க் என்போம். பல்க் ஒருபோதும் சாம்பிள் மாதிரி வராது. இரண்டுக்கும் நடுவில் நின்று இருபக்கமும் திட்டு வாங்குவதுதான், வெளிநாட்டு பையர்களுக்காகச் சரக்கு வாங்கும் பையிங் ஆபீஸில் என் உத்தியோகம். ஆனால் கிளட்ச் பெடலுக்குச் சாம்பிள் கேட்ட மனுஷி இவர் ஒருவர்தான்.

பாய் கொண்டுவந்தார். கம்பெனியின் கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில், தரையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புச் சட்டம். அதில் ஒரு லாரிப் பெடல். பின்னால் முழங்கை கனத்துக்கு ஒரு ஸ்பிரிங். எதிரில் ஒரு நாற்காலி. காரில் பெடல் எவ்வளவு கனமாக வரும் என்று பாய்க்கே தெரியாது. தெரியாத இடத்தில் கூட்டிப் போட்டுவிடுவது என்று முடிவெடுத்து, ஷெட்டில் இருந்ததிலேயே கெட்ட ஸ்பிரிங்கை மாட்டியிருந்தார்.

கட்டிங் மாஸ்டர் மிதித்தார், முனகினார். பீகாரிலிருந்து வந்த இளம் டெய்லர் ஒருவன் மிதித்து, "பாப் ரே!" என்று எழுந்துவிட்டான். "மாப்ள, நீங்க ஒருக்கா மிதிங்க" என்றார் மாமியார், சுவரைப் பிடித்து நின்றபடி. நான் மிதித்தேன். பெடல் அசையவில்லை, நாற்காலி பின்னால் போனது.

கடைசியில் அவர் உட்கார்ந்தார். நான் வெளியே போய்விட்டேன், அவர் உட்காரட்டும் என்று. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதில்தான் எனக்கு நல்ல பயிற்சி ஆயிற்றே. இடது பாதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பெடலில் வைத்தார். மிதிக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தார், அறிமுகம் செய்து வைப்பதுபோல.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அந்த நாற்காலிதான். பெடல் ஒரு நூல் அளவு இறங்கிய அன்று கட்டிங் மாஸ்டர் எனக்குப் போன் செய்தார். விரலளவு இறங்கிய அன்று கேசரி கிண்டினார்கள். பீகார்க்காரன் ஓவர்லாக் மெஷினிலிருந்து இந்தியும் தமிழுமாகக் கத்துவான்: "மாஜி, அவுர், அவுர்! இன்னும் கீழே!" மாலையில் அவர் நடப்பதும் மாறியது. முதலில் சுவர், பிறகு கைத்தடி, பிறகு கைத்தடி கட்டிங் மேஜைமேல் மறந்து கிடக்க அவர் மட்டும் வீட்டுக்குப் போயிருந்தார். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் யார் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அதே நாட்களில் பாய் காரைப் பிரித்துப் போட்டிருந்தார். பழைய பாக்ஸை இறக்கினார். லாரி பாக்ஸை இன்ஜினோடு சேர்க்க கோயம்புத்தூர் லேத்தில் கனத்த தகடு ஒன்று கடைந்து வாங்கினார். கியர் தண்டு மேலே வர, காரின் தரையில் ஓட்டை வெட்டினார். வெட்டிய அன்று எனக்குப் போன் செய்து, "மாப்ள, மனசு வலிக்குதுங்க," என்றார். இரண்டு பயந்தாங்கொள்ளிகள் போனில் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டோம்.

வண்டி தயாரான அன்று ஷெட்டில் எல்லோரும் கூடினோம். மாமியார் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறி இன்ஜினை முடுக்கினார். இடது காலை உயர்த்தினார். கையால் தூக்கவில்லை. அத்தனை நாள் பழகிய பலத்தையும் சேர்த்துக் கிளட்சை மிதித்தார். பெடல் வெண்ணெயில் கத்தி போல இறங்கித் தரையில் மோதியது. கியரைப் போட்ட கையோடு அவர் திடுக்கிட்டுக் காலை எடுத்தார். வண்டி ஒரு தாவு தாவி, ஷெட் தூணுக்குச் சாண் தூரத்தில் இருமி நின்றது.

பாய் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். நான் எங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். பாய்க்குப் பின்னால்.

"என்ன பாய் இது? சாம்பிள் ஒண்ணு, பல்க் ஒண்ணா?"

"யக்கா, உங்களுக்குச் செரமமா இருக்குமேன்னு எண்ணெய்ல இயங்கற மாதிரி ஹைட்ராலிக் வெச்சனுங்க்கா. நல்லதுக்குத்தான..."

"நான் கேட்டனுங்களா?"

திருப்பூர் சரித்திரத்தில் பல்க் சாம்பிளைவிட நன்றாக வந்தது அன்று ஒருநாள்தான். அதற்கும் ரிஜெக்ட். ஸ்பிரிங்கை முறுக்கி சாம்பிள் மாதிரியே கனமாக்கச் சொன்னார். பாய் கிட்டத்தட்ட அழுதார். நான் முன்னால் வந்து, உத்தியோக முறைப்படி கையைக் கட்டிக்கொண்டு, சின்ன வித்தியாசம்தான், இந்த ஒரு முறை ஒத்துக்கொள்ளலாம் என்று வாதாடினேன். வெளிநாட்டு பையர்களிடம்கூட நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

"மாப்ள சொல்றதால உடறனுங்க," என்றார். பிறகு தன் காலைப் பார்த்து, "பாவம், ஏமாந்து போச்சு," என்றார்.

ஷெட்டுக்கு வெளியே காலி இடத்தில் சில நாள் மெதுவாக மிதித்து மெதுவாக விடப் பழகினார். அப்புறம் அவிநாசிபாளையம்.

அவர் இடது பக்கம், நான் வலது பக்கம், மனைவி பின்னால். பாய் பைக்கில் பின்தொடர்ந்தார், முதுகில் ஸ்பேனர் மூட்டையோடு. தாராபுரம் ரோட்டில் ஏறியதும் முதல் கியர், இரண்டு, மூன்று என்று வலது கையால் சாதாரணமாகப் போட்டார். எதிரில் வந்த டவுன் பஸ் டிரைவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டித் திட்டினார். ஸ்டீரிங் என்னிடம் இல்லை என்பதை நிரூபிக்க இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அவர் பதறி பஸ்ஸையே ஓரம் கட்டிவிட்டார்.

ஓரிடத்தில் ரோடு மேடேறும். அந்த மேட்டில் நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சட்டென்று நின்றது. நாங்களும் நின்றோம். பின்னால், எங்கள் பம்பரை முகர்ந்துகொண்டு ஒரு பஸ். வண்டி லேசாகப் பின்னால் நழுவியது. எனக்கு உடம்பெல்லாம் தண்ணீர். கைப்பிரேக்கைப் பிடித்து இழுக்கலாம் என்று நடுவில் துழாவி, கிடைத்ததை இறுகப் பிடித்தேன். அந்தக் காரில் கைப்பிரேக் கிடையாது. நான் பிடித்தது கியர் தண்டு.

"மாப்ள, கையை எடுங்க," என்றார், காப்பி சாப்பிடச் சொல்லும் அதே குரலில். "பயமா இருந்தாக் கண்ணை மூடிக்கோங்க."

நான் மூடவில்லை. அவர் காலைப் பார்த்தேன். கிளட்சின் மேல் அந்த வெறும் பாதம் நடுங்கியது. விரல்கள் பெடலைக் கவ்விக்கொண்டிருந்தன. பஸ் ஹார்ன் அடித்தது. லாரி நகர்ந்தது. நடுக்கம் அப்படியே இருக்க, அந்தக் கால் மெல்ல, நூலைப் பிரிப்பதுபோல அவ்வளவு மெல்ல, மேலே வந்தது. இன்ஜின் தாழ்ந்த குரலில் முனகியது. வண்டி அதற்கு மேல் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேட்டில் ஏறியது.

"அம்மா," என்றாள் மனைவி.

அவிநாசிபாளையத்தில் ஓர் இளநீர்க் கடை முன்னால் நிறுத்தினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப்போய் இளநீர் வெட்டச் சொன்னாள். கம்பெனியை மூடும் பேச்சை அவள் அதன் பிறகு எடுக்கவே இல்லை. பாய் பைக்கை நிறுத்திவிட்டு ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குள் ஏழாவது மாடியிலிருந்து ஒரு ஜன்னல் மறைந்தது.

மாமியார் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். நான் காத்திருந்தேன். இன்ஜின் ஓடவில்லை, வேலை எதுவும் நடக்கவில்லை, இனி இது வெறும் உட்காருவதுதான். அவருக்கும் அது தெரியும். அவர் எழவில்லை. என் பக்கத்தில், சீட்டில் நன்றாகச் சாய்ந்து, இடது காலை நீட்டி, இளநீரை வாங்கிக் குடித்தார். நானும் குடித்தேன்.

காயைக் காலி செய்தபின் சாவியை என்னிடம் நீட்டினார். "திரும்பறப்ப நீங்க ஓட்டுங்க மாப்ள. காலு கொஞ்சம் அசந்துருச்சு."

இடம் மாறி உட்கார்ந்தோம். மறைக்க இனி வழியில்லை. என் கார் ஆட்டோமேட்டிக். லைசென்ஸ் வாங்கிய நாளோடு கிளட்சுக்கும் எனக்கும் தொடர்பு அற்றுப்போயிருந்தது. முதல் முயற்சியில் வண்டி அணைந்தது. இரண்டாவதில் இளநீர்க் குலையைப் பார்த்துத் தாவியது. கடைக்காரர் அரிவாளோடு ஒதுங்கினார். மனைவி பின்சீட்டில் சிரித்துச் சிரித்துக் கவிழ்ந்துவிட்டாள்.

மாமியார் சிரிக்கவில்லை. இறங்கி, சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் தானே திறந்தார்.

"நகுருங்க மாப்ள. நானே ஓட்டறனுங்க. அந்தச் சாம்பிள் பெடலு இனிச் சும்மாதான் கெடக்கும். நாளைக்கு மத்தியானத்துல இருந்து கம்பெனிக்கு வந்துருங்க."

அவர் அதன் பிறகு பல வருஷம் அந்தக் காரை ஓட்டினார். அவருக்குப் பின் கம்பெனியை என் மனைவி பார்க்கிறாள். கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் அந்தப் பெடல் இன்னும் இருக்கிறது. மத்தியானத்தில் போய் மிதிக்கிறேன். முக்கால்வாசி இறங்குகிறது. நாற்காலி இப்போதெல்லாம் பின்னால் போவதில்லை.